கேள்வி-பதில்: கீவேர்டு (கூகுளில் தேடுகிறவர் தட்டும் சொல்) ஒரு பக்கத்தில் எத்தனை தடவை வரலாம்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கீவேர்டு அடர்த்தி, அதாவது மொத்தச் சொற்களில் கீவேர்டின் பங்கு, எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்?

இத்தனை என்று கூகுள் எந்தக் கணக்கும் கொடுத்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்பதெல்லாம் வாய்வழி வந்தவை. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கேட்கிறவருக்குச் சலித்தால் அதிகம்.

பட்டர்வொர்த் வாசகர்: என் உணவகப் பக்கத்தில் 600 சொற்கள். ‘வாழையிலைச் சாப்பாடு’ 9 இடங்களில் வருகிறது. கீவேர்டு எண்ணும் ஒரு கருவி 1.5 சதவீதம் என்கிறது, இன்னொன்று 3 என்கிறது. எது சரி?

இரண்டும். முதலாவது சொற்றொடரை ஒன்றாக எண்ணுகிறது. மற்றது அதிலுள்ள இரண்டு சொற்களையும் தனித்தனியாக எண்ணி 18 என்கிறது. எதை எண்ணுகிறது என்று பார்க்காமல் சதவீதத்தை நம்பாதீர்கள்.

செந்தூல் வாசகர்: ‘வாடகை வீடு’ பற்றி எழுதினேன். கருவி 0.3 சதவீதம்தான் காட்டியது. அதனால் இன்னும் 15 தடவை சேர்த்தேன். போதுமா?

ஐயா, சேர்த்த பிறகா கேட்பது? இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன்! இந்தக் கருவிகளில் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் எண்ணும். தமிழில் வீடு அப்படியே நிற்குமா? வீட்டில், வீட்டுக்கு, வீட்டை, வீடுகள் என்று மாறும். ‘வாடகைக்கு ஒரு வீடு’ என்று நடுவே ஒரு சொல் நுழையும். ‘வீட்டு வாடகை’ என்று புரளும். நீங்கள் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தீர்கள். நான் கையால் எண்ணினேன்: நீங்கள் சேர்ப்பதற்கு முன்பே இருபதுக்குப் பக்கம் இருந்தது. கருவி கண்டது இரண்டே இரண்டு. அதை நம்பி, ‘செந்தூலில் வாடகை வீடு தேடுவோர் வாடகை வீடு பார்க்க’ என்று வேற்றுமை உருபைக் கழற்றிப்போட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒற்றுப் போட்டால் கருவி எண்ணாது என்று ‘பட்டுப் புடவை’யைப் ‘பட்டு புடவை’ ஆக்கிய மஸ்ஜித் இந்தியா கடைப் பக்கங்களையும் பார்த்துவிட்டேன். இப்படிச் சொல்லைத் திணிப்பதை கூகுள் தன் ஸ்பேம் (ஏமாற்று வேலை) விதிகளிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த 15-ஐயும் எடுத்துவிடுங்கள். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகி: மெட்டா கீவேர்ட்ஸ் டேகில் (பக்கத்தின் நிரலில் கீவேர்டுகளைப் பட்டியலிடும், படிப்பவர் கண்ணில் படாத இடம்) 40 சொற்கள் போடலாமா?

தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் தலைப்பைத் திருத்துங்கள்.

ஈப்போ சாலை வாசகர்: ‘ரொட்டி சானாய்’, ‘ரோட்டி சனாய்’ எது?

ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எழுதுங்கள். மற்றதை ஓரிடத்தில் சொன்னால் போதும். நம் ஆட்கள் பலர் ரோமன் எழுத்தில்தான் தட்டித் தேடுவார்கள். அந்த வடிவமும் ஒரு தடவை இருக்கட்டும்.

கிள்ளான் வாசகர்: என் தளம் திடீரென்று கீழே போய்விட்டது, ஏன்?

முகவரியும் இல்லை, கட்டுரையும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? அனுப்புங்கள், பார்க்கலாம்.