கேள்வி-பதில்: பச்சைப் பாம்பும் பச்சை விரியனும்

முருங்கையில் கிடந்த பச்சைப் பாம்பின் படம் அனுப்பியிருக்கிறேன். விஷமா? (களுவாஞ்சிக்குடி)

நீங்கள் அனுப்பியது நசுங்கிய தலையின் படம். அடித்துவிட்டு ஏன் கேட்கிறீர்கள்? சாட்டை மாதிரி மெலிந்த உடம்பைப் பார்த்தால் கண்கொத்திப் பாம்பு. ஓணான் பிடித்துத் தின்னும், மனிதருக்கு ஆபத்தில்லை.

கண்ணைக் கொத்துமாமே? (ஆரையம்பதி)

கொத்தாது.

பச்சை விரியனை எப்படி அடையாளம் காண்பது? (அக்கரைப்பற்று)

தலை முக்கோணம், கழுத்து ஒடுக்கம், உடம்பு தடிப்பு. சிலதில் கறுப்புக் கோலம் இருக்கும். கண்மணி நெட்டுக்கோடு, கண்கொத்திக்குக் கிடைக்கோடு. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழியால் இருட்டிலும் எலியின் உடற்சூட்டை அறியும். இதையெல்லாம் பார்க்கக் கிட்டப் போகாதீர்கள். இலங்கைக்கே உரிய இனம். சிங்கராஜா, நக்கிள்ஸ் காடுகளிலும் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் 1,800 மீட்டர் உயரம் வரை உண்டு.

மலைநாட்டுக்குப் போகிறோம். கடித்தால் எங்கே கட்டுவது? பிளேட் கொண்டுபோகவா? (கல்முனை)

கட்டாதீர்கள், கீறாதீர்கள். எத்தனை தரம்தான் எழுதுவது! விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே தின்னும். இறுக்கிக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கி, விரல் அழுகும். இரத்தம் உறையாமலும் போகலாம். அந்த நேரத்தில் பிளேட்டால் கீறினால் யார் நிறுத்துவது? மோதிரம், காப்பைக் கழற்றுங்கள், வீங்கியபின் கழறாது. கையை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தால் இது எப்படித் தெரியவரும்? பச்சை விரியன் கடித்துச் சாவது மிக அரிது. கட்டிக் கீறி விரலை இழப்பதுதான் நடக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பச்சை விரியன் கடித்த தம்பிக்கு விஷமுறிவு ஊசி போடவில்லை. கவலையீனம்தானே? (வாழைச்சேனை)

இல்லை. இங்கே வழக்கமாகப் போடும் இந்திய ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எதிராகச் செய்தது. பச்சை விரியனுக்குப் பலிக்காது. வீண் ஒவ்வாமைதான் வரலாம். டாக்டரோடு சண்டை பிடிக்காதீர்கள். நோவுக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்து, இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வைத்தியம்.

முட்டையைத் தேடி அழித்தால் பெருகாதுதானே? (திருக்கோவில்)

பச்சை விரியன் குட்டி போடும். முட்டையே கிடையாது.