சிகாகோவுக்குப் பிறகு பாரிஸ்

ஐயா,
சர்வதேச மத வரலாற்றுச் சங்கம் 2025இல் போலந்தின் கிராகோவ் நகரில் மாநாடு நடத்தியதாகப் படித்தேன். நான் தினமும் திருமுறை ஓதுகிறவன். பூசையோ நோன்போ இல்லாதவர்களுக்கு மதத்தை ஆராய என்ன தகுதி? இப்படிப்பட்ட சங்கத்துக்கு எதிர்காலம் உண்டா? பழைய பெயரையாவது மாற்றக்கூடாதா?
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் கிடக்கட்டும். சங்கத்தாரே பல மாநாடுகளில் பேசி அலுத்த விஷயம் அது.

தகுதி பற்றிய உங்கள் கேள்விதான் கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 1893இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசியது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அதே விவேகானந்தர் 1900இல் பாரிஸில் நடந்த மத வரலாற்று மாநாட்டுக்கும் போனார். அதை யாரும் சொல்வதில்லை. சங்கம் முறைப்படி தொடங்கியது 1950இல், ஆம்ஸ்டர்டாமில். வேர் பாரிஸில் இருக்கிறது. எந்த மதம் உயர்ந்தது என்ற பேச்சுக்கு அந்தப் பாரிஸ் மாநாட்டில் இடமே இல்லை. வரலாறு மட்டும்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்டவ் ஆப்பர்ட் அங்கே கட்டுரை படித்தார். சிவலிங்கம் ஆண்குறி, சாளக்கிராமம் பெண்குறி என்பது அவர் வாதம். விவேகானந்தர் மறுத்தார். எப்படி? மனம் புண்பட்டதென்று கூச்சல் போடவில்லை. அதர்வ வேதம் வேள்வித் தூணைப் போற்றுகிறதே, லிங்கம் அங்கிருந்து வந்தது என்றார். சாளக்கிராமத்துக்குப் பௌத்த ஸ்தூபியைக் காட்டினார். அவர் சொன்னதை இன்றைய ஆய்வாளர் மறுக்கலாம். தாராளமாக மறுக்கட்டும், சான்றோடு பேசினால்தானே சான்றோடு பதில் சொல்ல முடியும்?

ஒரு துறவியே தன் துறவைத் தகுதிச் சான்றிதழாக நீட்டவில்லை. நீங்கள் யாரிடம் பூசைக் கணக்குக் கேட்கிறீர்கள்? உங்கள் விதிப்படி சைவர் வைணவத்தைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது. கழுகுமலைப் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களையும் அவர்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்தையும் யார் படிப்பது? நல்ல வாசகர் நீங்கள், இதை யோசிக்காமல் எழுதிவிட்டீர்களே என்று வருத்தமாக இருந்தது.

1960இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சங்கம் நடத்திய மாநாட்டிலும் இந்தத் தகராறு வந்தது. மதங்களை ஒன்றுசேர்ப்பதும் சங்கத்தின் வேலை என்று சிலர் விரும்பினார்கள். ஆய்வு வேறு, சமயத் தொண்டு வேறு என்று மத ஆய்வாளர் வெர்ப்லோவ்ஸ்கி ஓர் அறிக்கை எழுத, பலர் கையெழுத்திட்டார்கள். சரியான காரியம்.

எதிர்காலமா? கொரோனாவால் 2020 மாநாடு நின்றுபோயும் 2025இல் மறுபடி கூடிவிட்டார்கள். எனக்குப் பயம் வேறு. எங்கள் மதத்தைப் பற்றி நாங்கள் மட்டும்தான் பேசுவோம் என்கிற குரல் உள்ளே நுழைந்தால், அப்புறம் அங்கே கட்டுரைக்கு வேலையில்லை.

திருமுறை ஓதுவதை விடாதீர்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பாரிஸ் மாநாடு பற்றி விவேகானந்தரே எழுதியிருக்கிறார். சில பக்கங்கள்தான். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.