ஒரே டேக்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னபிறகு, அமெரிக்க கிராமியச் சாயல் கொண்ட ‘கன்ட்ரி’ இசைப் பாடகி பேட்சி கிளைன் பாடிய ‘கிரேஸி’யைத் தேடிக் கேட்டேன். இரண்டு நாளாக அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே டேக்கில், அதாவது ஒரே முயற்சியில், பாடி முடித்தார் என்கிறார்களே, உண்மையா? இவ்வளவு புகழ்பெற்ற பாட்டு ஏன் முதலிடத்துக்கு வரவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஒரே டேக் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய கதையை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்வது பேட்சிக்குச் செய்கிற அநியாயம்.

1961 ஜூன் 14 அன்று, கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரில் நடந்த கார் விபத்தில் அவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார். நெற்றி கிழிந்தது, விலாவிலும் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில், ஆகஸ்ட் 21 அன்று, ஊன்றுகோலோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். பாட்டை எழுதியவர் வில்லி நெல்சன். அப்போது அவரைப் பாடகராக யாருக்கும் தெரியாது. அவருடைய மாதிரிப் பதிவில் பாதி பாட்டு, பாதி பேச்சு. சொற்கள் தாளத்துக்குப் பிந்தி வரும். பேட்சிக்கு அது பிடிக்கவில்லை. உன் பாணியில் பாடு என்று சம்மதிக்க வைத்தவர் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி.

அன்றைய நாஷ்வில்லில் மூன்று மணி நேர செஷனில் மூன்று நான்கு பாட்டு முடிந்துவிடும். இந்த ஒரு பாட்டுக்கே நான்கு மணி நேரம் போனது. அப்படியும் முடியவில்லை. மேல் ஸ்வரங்களுக்கு மூச்சைப் பிடிக்கும்போதெல்லாம் விலா வலித்தது. சரி, வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொள்வோம் என்றார் பிராட்லி. ஃபிளாய்ட் கிராமரின் பியானோவும் ஜோர்டனேர்ஸ் குழுவின் பின்னணிக் குரல்களும் டேப்பில் ஏறின. நடுவில் குரலுக்கு இடம் காலியாக இருந்தது. சில வாரம் கழித்து, உடம்பு தேறி வந்து பாடினார். அதுதான் அந்த ஒரே டேக்.

முதல் சொல்லை மறுபடி கேளுங்கள். இரண்டே அசை. முதல் அசை மேலே நிற்கிறது, இரண்டாவது பெரிய இறக்கமாக விழுகிறது. விழும்போதும் குரல் உடையவில்லை, கீழே போய் இன்னும் கனமாகிறது. நெல்சனிடமிருந்து அவர் எடுத்துக்கொள்ளாதது அந்தப் பேச்சுத் தொனியை மட்டும்தான். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருகிற அந்தத் தயக்கம் இவரிடமும் இருக்கிறது. நான் இந்தப் பாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது அதற்காகத்தான்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் அது பிடித்த இடம் 2, பாப் பட்டியலில் 9. அதே ஆண்டு அவருடைய முந்தைய பாட்டு கன்ட்ரியில் முதலிடம் பிடித்தது, ஆனால் பாப்பில் 12தான். ‘கிரேஸி’ கன்ட்ரியில் ஒரு படி இறங்கி, கன்ட்ரியே கேட்காதவர்களின் வீட்டுக்குள் போனது. எனக்கு அதுதான் பெரிய வெற்றியாகத் தெரிகிறது. 1963 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது பேட்சிக்கு வயது 30.