'ஆரம்பநிலை' என்றார்களே, எலும்புக்கு எப்படிப் போனது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 3 வருடத்துக்கு முன் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. 'ஆரம்பநிலைதான், முழுசாக எடுத்தாச்சு' என்றார்கள். 2 மாதமாக இடுப்பு வலி. முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று இப்போது ஸ்கேனில் வந்திருக்கிறது. அன்று சொன்னது பொய்யா? இனி என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பொய்யில்லை அம்மா. 'ஆரம்பநிலை' என்பது கட்டியின் ஆழத்தை மட்டும் சொல்கிறது. இரைப்பையின் உள் சளிப்படலத்தையும் அதற்கு அடுத்த அடுக்கையும் தாண்டாவிட்டால் ஆரம்பநிலை; நெறிக்கட்டியில் நோய் இருந்தாலும் அதே பெயர்தான். அந்த இரண்டாம் அடுக்கில் ரத்த நாளங்களும் நிணநீர் நாளங்களும் நிறைய. ஆபரேஷனுக்கு முன்பே அதன் வழியாக நழுவிய செல்கள் எலும்பு மஜ்ஜையில் வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சிக்னெட் ரிங் செல்' (மோதிர வடிவப் புற்றுசெல்) அல்லது 'புவர்லி டிஃபரென்ஷியேட்டட்' (இயல்பான செல்லின் சாயலே குறைந்த வகை) என்று இருக்கிறதா, பாருங்கள். இப்படிப் பரவுவது பெரும்பாலும் அந்த வகைகளே.

இரைப்பையை எடுத்தவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியாகச் சேராமல் எலும்பு தேய்ந்து நொறுங்குவதும் உண்டு. ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் எலும்பு பயாப்ஸி கேளுங்கள். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்புப் பாதிப்பில் கூடும் என்சைம்), கால்சியம், கிரியாட்டினின் (கிட்னிக்கு), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) நான்கும் வேண்டும். பிளேட்லெட் இறங்கி, ஈறில் ரத்தம் கசிந்தால் மஜ்ஜை முழுக்க நோய் பரவியிருக்கக்கூடும். ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

முழுக் குணம் என்று உறுதி சொல்ல முடியாது. நோயைக் கட்டுப்படுத்த கீமோதான் பிரதானம். பழைய பயாப்ஸி பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) ஹெர்-2 என்ற புரதத்துக்கான பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்ப்பார்கள். வலிக்கு ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு பெரும்பாலும் போதும். முதல் சில நாள் வலி கூடினால் பயப்படாதீர்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். எலும்பைக் காக்க சோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி., 15 நிமிடத்துக்குக் குறையாமல் டிரிப்பில். அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகலாம். கிட்னி பலவீனமானால் டோஸைக் குறைப்பார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கித் தராதீர்கள். வயிறும் கிட்னியும் கெடும். மார்ஃபின் எழுதினால் தயங்காமல் கொடுங்கள், முதல் நாளிலிருந்தே மலமிளக்கியோடு.

கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றே முழு முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நடமாட்டம் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடை மிஞ்சும். கால் விழுந்த பிறகு மீட்பது கடினம்.