அந்த 40 ரிங்கிட் யாருக்குக் கிடைக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கும் வீட்டு மின்சாரத்துக்கும் அடுப்புக்கும் அரசாங்கம் தரும் உதவியைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, வணக்கம். என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். சம்பளம் 1,700 ரிங்கிட். நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 800 ரிங்கிட்டுக்கு வேலை பார்க்கிறேன். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு இருக்கிறார்கள். எங்களுக்கு எஸ்.டி.ஆர். பணம் ஒழுங்காக வருகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் மின்கட்டணத்தில் மாதந்தோறும் 40 ரிங்கிட் கழிகிறது. எங்களுக்கு ஒரு சென்கூடக் கழியவில்லை. இதற்கு வருமான வரம்பு என்ன? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, இரண்டு வேறு பட்டியல்களை ஒரே பட்டியல் என்று எண்ணியதால் வந்த குழப்பம் இது; உங்களைப் போலவே பலரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்.டி.ஆர். என்னும் சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகையை உள்நாட்டு வருமான வரி வாரியம் கவனிக்கிறது. குடும்பங்களுக்கு அதன் வரம்பு மாதம் 5,000 ரிங்கிட். மின்கட்டணக் கழிவோ இ-காசே என்ற தேசிய வறுமைத் தரவுப் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலைப் பராமரிப்பது பிரதமர் துறையின் கீழுள்ள ஒருங்கிணைப்புப் பிரிவு. அதில் ஏழை அல்லது பரம ஏழை என்று உறுதிசெய்யப்பட்ட குடும்பத்துக்கு மட்டுமே மாதம் 40 ரிங்கிட் வரை கழிகிறது. எஸ்.டி.ஆர். வாங்குகிறவருக்கு அது தானாக வந்து சேராது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாடு என்னும் அரசாங்க மத்தியத் தரவுத்தளத்தில் பதிந்துகொண்டதை நினைத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று இருப்பவர்களும் உண்டு. அதுவும் வேறு பதிவுதான்.

இனி வரம்புக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் குடும்ப வருமான ஆய்வுப்படி நாட்டின் வறுமைக் கோட்டு வருமானம் மாதம் 2,589 ரிங்கிட்டாக இருந்தது. உணவுத் தேவையை மட்டும் கணக்கிட்டு வகுத்த பரம ஏழ்மைக் கோடு 1,198 ரிங்கிட்டாக இருந்தது. புதிய ஆய்வு வரும்போதெல்லாம் இந்தத் தொகை மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்தத் தொகையைப் பார்க்கிறார்கள் என்று முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வருமானம் 2,500 ரிங்கிட். அதாவது அந்த 2022 கோட்டுக்கு 89 ரிங்கிட் கீழே இருக்கிறீர்கள். அதோடு, 2,589 என்பது நாடு முழுவதற்குமான சராசரி. வீட்டில் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, இருப்பது எந்த மாநிலம், நகரமா கிராமமா என்பவற்றை வைத்துப் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே கோடு வகுக்கிறது. ஐந்து பேர் உண்ணும் வீட்டையும் இருவர் உண்ணும் வீட்டையும் ஒரே கோலால் அளப்பதில்லை. ஆகவே உங்கள் மாமியாரையும் பிள்ளைகளையும் ஒருவர் விடாமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு வரை இந்தக் கோடு 980 ரிங்கிட்டாக இருந்தது. கணக்கிடும் முறையைத் திருத்திய பிறகு அது 2,208 ஆக உயர்ந்தது. பழைய கோட்டைக் காட்டி "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் இருக்கின்றன. ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதால் அவர்கள் மறுபடியும் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. அவர்கள் இப்போது மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே நீங்கள் அணுக வேண்டியது அந்த மாவட்ட அலுவலகத்தை. அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இருவரின் சம்பளச் சீட்டுகள், கடைசி மின்கட்டணச் சீட்டு ஆகியவற்றை அசலும் நகலுமாகக் கொண்டுபோங்கள். பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். மாவட்ட அளவிலான குழு சரிபார்த்து முடிவு செய்யும். வீட்டுக்கு அதிகாரி வந்து போனால் அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று தயங்கி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள் நம்மவர்கள். அந்தத் தயக்கத்துக்கு மாதம் 40 ரிங்கிட், ஆண்டுக்கு 480 ரிங்கிட் விலை கொடுக்கிறோம். 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில் 200 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 39 ரிங்கிட் ஆகிறது. விளக்கும் விசிறியும் சிறிய குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீட்டின் ஒரு மாத மின்சாரம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். கட்டணம் 40 ரிங்கிட்டைத் தாண்டினால் மிச்சத்தை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். அப்பா பால்மரம் சீவி ஓய்ந்துவிட்டார். தொழிற்சாலையில் எனக்கு அடிப்படைச் சம்பளம் 1,700; ஓவர்டைம் கிடைக்கும் மாதங்களில் 2,300 வரை வரும். பிடித்தம் போகக் கையில் வருவது இதைவிடக் குறைவு. அக்கா கோலாலம்பூரிலிருந்து மாதம் 300 ரிங்கிட் அனுப்புகிறார். பாரத்தில் எதை எழுதுவது? மின்கணக்கு இன்னமும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது. – ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, கணக்கில் கொள்ளப்படுவது குடும்பத்தின் மொத்த வருமானம், பிடித்தங்களுக்கு முந்திய தொகை. 1,700 ரிங்கிட்டில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடாக 187 ரிங்கிட் போய்விடும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் போனால் கையில் 1,500 சொச்சம்தான் நிற்கும். அந்த 1,500-ஐப் பாரத்தில் எழுதிவிட்டு, 1,700 என்று அச்சிட்ட சம்பளச் சீட்டை அதனுடன் இணைத்தால் இரண்டும் பொருந்தாது. எழுதியவர் பொய் சொல்லவில்லை; ஆனாலும் கோப்பு சந்தேகத்துக்கு உள்ளாகி நின்றுவிடும். சீட்டில் மேலே உள்ள மொத்தத் தொகையை அப்படியே எழுதுங்கள்.

அக்காவின் சம்பளம் உங்கள் வீட்டுக் கணக்கில் சேராது, ஏனென்றால் அவர் உங்களோடு தங்கி ஒரே உலையில் உண்பவர் அல்லர். அவர் மாதாமாதம் அனுப்பும் 300 ரிங்கிட் சேரும். ஆகவே ஓவர்டைம் உள்ள மாதத்தில் உங்கள் வீட்டு வருமானம் 2,600. இல்லாத மாதத்தில் 2,000. முதல் கணக்கில் 2022-ஆம் ஆண்டின் சராசரிக் கோட்டுக்கு 11 ரிங்கிட் மேலே நிற்கிறீர்கள், இரண்டாவதில் 589 ரிங்கிட் கீழே. அதனால் ஒரு மாதச் சீட்டை மட்டும் நீட்டாமல், கடந்த ஆறு மாதச் சீட்டுகளையாவது சேர்த்துக் கொடுத்து, வருமானம் ஏறி இறங்குவதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சீவ முடியாமலும் இலையுதிர்வில் பால் வற்றியும் வருமானம் விழுந்துபோகும் பால்மரத் தொழிலாளருக்கும் இதையே சொல்வேன்.

என் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் 40 ரிங்கிட் முழுவதும், சற்று மேலே போனால் ஒன்றுமே இல்லை என்ற இந்த ஏற்பாடு, கூடுதல் நேரம் உழைக்கும் இளைஞனைத் தண்டிக்கிறது. வருமானம் கூடக் கூட உதவி படிப்படியாகக் குறைவதே நியாயம். ஆயினும் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2008 அக்டோபர் முதல் 2018 முடியும் வரை, 20 ரிங்கிட்டும் அதற்குக் குறைவுமாகக் கட்டணம் வந்த எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் இலவசமாக இருந்தது. வருமானத்தை யாரும் கேட்கவில்லை. வசதியானவரின் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அது கிடைத்தது. ஏழு பேர் வாழும் ஏழை வீட்டில் கட்டணம் 25 ரிங்கிட் ஆனால் கிடைக்கவில்லை.

தாத்தாவின் பெயரில் உள்ள கணக்கை முதலில் மாற்றுங்கள். கழிவு வந்து விழுவது மின்கணக்கில்தான். பட்டியலில் ஒரு பெயரும் கட்டணச் சீட்டில் இறந்தவர் பெயரும் இருந்தால் அந்த இரண்டும் ஒரே வீடு என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். இறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, வீட்டின் உரிமைக்கான தாள் ஆகியவற்றோடு தெனாகா நேஷனல் மின்நிறுவனத்தின் முகப்புக்குச் செல்லுங்கள். புதிய கணக்குக்கு வைப்புத்தொகை கேட்பார்கள் என்பதால் அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமையல் எரிவாயுவுக்கும் இனி வருமானச் சான்று காட்ட வேண்டும் என்று சொல்கிறார்களே, உண்மையா? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இந்த உதவிக்கு வருமான வரம்பு கிடையாது, அம்மா. கேஸ் தோங் என்று நாம் சொல்லும் 14 கிலோ கலனின் கட்டுப்பாட்டு விலை 26 ரிங்கிட் 60 சென். வீட்டுச் சமையலுக்கு வாங்குபவர் யாராக இருந்தாலும் அதே விலைதான். மாடிக்குத் தூக்கி வருவதற்குக் கடைக்காரர் தனியாகக் கூலி கேட்கலாம். கலனின் விலையைக் கூட்டினால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்குத் தனி மீட்டர் இல்லை. மின்சாரத்துக்கான பணத்தைத் தோட்ட அலுவலகம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. இ-காசேயில் எங்கள் பெயர் இருந்தும் 40 ரிங்கிட் கழியவில்லை. அலுவலக எழுத்தரான கிராணியைக் கேட்டால் தமக்குத் தெரியாது என்கிறார். – ஒரு வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பதில்: ஐயா, என்னை மிகவும் வருத்திய கடிதம் உங்களுடையது. லயத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிட, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை எங்களுடையது. கம்பி வழி மின்சாரம் வந்த பிறகும், அதற்கான உதவி வாசலோடு நின்றுவிடுகிறதே என்ற வேதனை எனக்கு உண்டு.

உங்கள் வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது. தடை அதில் இல்லை. தோட்டம் மொத்தமாக மின்சாரம் வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், மின்நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும் வாடிக்கையாளர் தோட்டம் ஒன்றுதான். உங்கள் பெயரில் கணக்கு இல்லாதபோது கழிவு விழ இடமே இல்லை. ஊழியர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தோட்டக் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் லயத்தில் மின்சாரம் இருப்பதும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு இருப்பதும் வேறு வேறு.

நீங்கள் மூன்று பேரிடம் போக வேண்டும். முதலில் மேலாளரிடம், தனி மீட்டர் பொருத்தும்படி லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கையொப்பமிட்டு எழுத்தில் கொடுங்கள். ஒருவராகப் போனால் பதில் வராது. அதன் நகலை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பட்டியலில் பெயர் இருந்தும் கழிவு கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். பிறகு தொழிலாளர் துறைக்குச் சென்று, மின்சாரத்துக்கென்று சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள், எந்த அளவை வைத்துப் பிடிக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் தனி வரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அடுத்த சம்பள நாளிலேயே கிராணியிடம் அதைத் தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.