வாசகர் கேள்வி, எங்கள் பதில்: 'கிவ் அப்' படுத்தும் பாடு

கேள்வி: ஆங்கிலச் சிறுகதைகளை பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பழகி வருகிறேன். பெரிய சொற்களைக் கண்டு பயமில்லை. 'கிவ் அப்', 'புட் அவுட்' மாதிரி குட்டிச் சொற்கள்தான் உயிரை எடுக்கின்றன. அகராதியைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட பொருள். எதை எடுப்பது?

பதில்: அகராதியைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். 'கிவ் அப்' என்றால் கதையில் வருபவர் சிகரெட்டை விடுகிறாரா, எழுந்து இருக்கையைக் கொடுக்கிறாரா, போலீஸிடம் சரணடைகிறாரா, எடுத்த வேலையைக் கைவிடுகிறாரா? தமிழில் நாலும் வேறு வேறு வினை, இல்லையா? பிரெஞ்சிலும் அப்படித்தான்: சிகரெட்டுக்கு 'அரெத்தே', இருக்கைக்கு 'செதே', சரணடைவதற்கு 'ஸ ராந்த்ர்', கைவிடுவதற்கு 'அபாந்தொனே'. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பிரெஞ்சுச் சொல்தான் இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால் விடியாது.

'புட் அவுட்' கதை வேறு. தீயை அணைப்பதற்கு 'எக்ஸ்டிங்குவிஷ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் அறிவிப்புப் பலகை வாசனை அடிக்கும். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த 'எத்தேந்த்ர்' பிரெஞ்சில் வீட்டுப் பேச்சு, விளக்கை அணைப்பதற்கும் அதுதான். அதனால் இது ரொம்பப் புத்தகத்தனமாக இருக்குமோ என்று தயங்காதீர்கள்.

இன்னொன்று, அசைவைச் சொல்லும் வினைகள். ஆங்கிலத்தில் 'ரன்' என்ற வினை எப்படிப் போனாள் என்பதைச் சொல்கிறது, 'அக்ராஸ்' என்ற ஒட்டுச் சொல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. பிரெஞ்சில் இது தலைகீழ்: கடப்பதுதான் முக்கிய வினை, ஓடுவது அதற்குத் துணை. நாமும் 'தெருவை ஓடிக் கடந்தாள்' என்றுதானே சொல்கிறோம், அதனால் தமிழருக்கு இது எளிதாகவே பிடிபடும். 1958-லேயே வினே, தார்பெல்னே என்ற இரு மொழியியலாளர்கள் இந்த இடமாற்றத்துக்கு 'ஷாஸே-க்ருவாஸே' என்று பெயர் வைத்து விளக்கியிருக்கிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இரண்டையும் கொண்டுவர வேண்டியதில்லை. 'அறையை விட்டு நடந்து வெளியேறினார்' என்று எழுதி என்ன பயன்? வெளியேறினார், போதும். நடந்துதான் போயிருப்பார் என்று வாசகருக்குத் தெரியும்.

கேள்வி: ஜெர்மன், ஆங்கிலத்துக்குச் சொந்தக்கார மொழிதானே? அதில் இந்தத் தொல்லை இருக்காதோ?

பதில்: சில இடங்களில் அச்சாகப் பொருந்தும். 'கிவ் அப்' அங்கே 'அவுஃப்கேபன்', துண்டுக்குத் துண்டு அதேதான். ஆனால் 'அப்'புக்கு நிகரான அந்த 'அவுஃப்' துண்டு பல நேரம் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஏர் ஹோர்ட்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அவசரப்படாதீர்கள்: கடைசியில் 'அவுஃப்' வந்தால் அவர் எதையோ நிறுத்துகிறார், 'ட்ஸூ' வந்தால் காதுகொடுத்துக் கேட்கிறார். 'உம்ஃபாரன்' இன்னும் ஆபத்து. முதல் அசையை அழுத்திச் சொன்னால் வண்டியால் இடித்துத் தள்ளுவது, நடு அசையை அழுத்தினால் இடிக்காமல் சுற்றிப் போவது. எழுத்தில் இரண்டும் ஒன்றே!

கேள்வி: 'வாளியை உதைப்பது' என்றால் ஆங்கிலத்தில் சாவது. மற்ற மொழிகளில் எப்படி எழுதுவது?

பதில்: அங்கங்கே அவரவர் வழக்கு இருக்கிறது. பிரெஞ்சில் சுங்கானை, அதாவது புகைக்கும் குழாயை, உடைப்பார்கள், ஜெர்மனில் கரண்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள், ஸ்பானிஷில் காலை நீட்டுவார்கள், போலிஷில் நாட்காட்டியை உதைப்பார்கள். எல்லாமே நம்முடைய 'மண்டையைப் போட்டார்' ரகம். அதனால் யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். துக்க வீட்டில் பேசும் பாத்திரத்தின் வாயில் இதைப் போட்டால் அவரை ஈரமில்லாதவராக்கிவிடுவோம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை.

உருவம் ஒத்திருப்பதையும் நம்ப வேண்டாம். 'பூனை உன் நாக்கைத் தூக்கிப் போய்விட்டதா' என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று பொருள். பிரெஞ்சில் 'என் நாக்கைப் பூனைக்குக் கொடுக்கிறேன்' என்றால், விடுகதைக்கு விடை தெரியவில்லை, நீயே சொல்லிவிடு என்று அர்த்தம். இரண்டிலும் பூனை, இரண்டிலும் நாக்கு, பொருள் மட்டும் வேறு.

கேள்வி: பொருத்தமான தொடர் கிடைக்கவே இல்லையென்றால்?

பதில்: நேராகச் சொல்லிவிடுங்கள். சுவை போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டால், மூலத்தில் சாதாரணமாக இருக்கும் வேறொரு வரி அடுத்த பக்கத்தில் வரும், அங்கே அந்த மொழியின் நல்ல தொடர் ஒன்று தானாக வந்து விழுந்தால் தடுக்காதீர்கள்.