பழைய பிக்கப்பின் கிளட்ச் லைன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, காலையில் கியர் ஒழுங்காக விழுகிறது. அரை மணி நேரம் ஓடிவிட்டால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம். கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பிளேட் தேய்ந்தால் எஞ்சின் மட்டும் சீறும், வண்டி இழுக்காது. உங்களுக்கு நடப்பது நேர்மாறு: மிதித்தும் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. அதுவும் சூடான பிறகு மட்டும் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கிளட்ச் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ் மீதுதான். சைலன்சர் பைப் பக்கமாகப் போகும் பழைய ஹோஸ் சூட்டில் இளகிவிடும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் கிளட்சைத் தள்ளாமல் ஹோஸை உப்ப வைப்பதிலேயே போய்விடும்.

எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள். ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர், வெளியில் இருக்கும் வண்டியானால், அதன் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளந்து பாருங்கள். நகர்வு குறைந்திருந்தால் கோளாறு ஆயில் ஓடும் பாதையில்: ஹோஸ், காற்று, சீல் இந்த மூன்றில் ஒன்று. நகர்வு குறையாமலே சத்தம் வந்தால்தான் கியர்பாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. காலை எடுத்தும் கிளட்ச் மெதுவாகத்தான் பிடிக்கிறது, சில சமயம் வழுக்குகிறது.

பதில்: வண்டி வழுக்கும் அந்த நேரத்திலேயே நிறுத்தி, ஸ்லேவில் காற்று எடுக்கும் பிளீடிங் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, கிளட்ச் உடனே பிடித்தால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. அடுத்த முறை நிப்பிளைத் தொடாமல், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அருகே பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். அப்போதும் விடுபட்டால் கோளாறு மாஸ்டரில் அல்லது பெடல் அட்ஜஸ்ட்மென்டில். விடுபடாவிட்டால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. இப்படிக் கழற்றிய ஒரு ஹோஸைக் குறுக்கே அறுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் தடித்து, குண்டூசி நுழையும் துளைதான் மிச்சம்.

கேள்வி: ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

பதில்: வண்டிக்குள் குனிந்து பெடலுக்கு மேலே விரலால் தடவுங்கள். மாஸ்டரின் பின் சீல் போயிருந்தால் கம்பி வழியாக இறங்கி மிதியடியை நனைக்கும். அங்கே காய்ந்திருந்தால் ஸ்லேவின் ரப்பர் உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள், உள்ளே தேங்கியிருக்கும்.

கேள்வி: ஐயா, இரும்புப் பைப் ஒரே இடத்தில்தான் துருப்பிடித்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு ரப்பர் குழாய் போட்டு கிளாம்ப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஒவ்வொரு மிதிக்கும் ஏறும் அழுத்தத்தை கிளாம்ப் தாங்காது. போக்குவரத்து நடுவில் பிய்த்துக்கொண்டால் கிளட்சை விடுவிக்க வழியில்லை. முழுப் பைப்பையும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் பைப் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும், அதை வாங்காதீர்கள். பழைய பைப்பைக் கையில் எடுத்துப் போய் விட்டம், நட்டின் மரை, பிளேர் (பைப் முனையின் விரிப்பு) வடிவம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். டபுள் பிளேரும் பபிள் பிளேரும் ஒன்றுக்கொன்று உட்காராது. நட்டைப் பைப்பில் கோத்த பிறகே பிளேர் அடியுங்கள்.

கேள்வி: நட் மழுங்க ஆரம்பித்துவிட்டது.

பதில்: சாதாரண ஸ்பேனரை ஓரமாக வைத்துவிடுங்கள். ஐந்து முகத்தைப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். ஹோஸ் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் பைப்பே முறுக்கிக்கொள்ளும். பேன்ஜோ போல்ட் (ஆயில் போக உள்ளே துளையுள்ள போல்ட்) இருந்தால் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: புது ஹோஸ் போட்டேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது!

பதில்: உள்ளே காற்று. வேகவேகமாகப் பம்ப் பண்ணாதீர்கள், காற்று நுரையாகிவிடும். மாஸ்டரின் ஆயில் டப்பாவை நிரப்பி, நிப்பிளில் குழாய் மாட்டி அதன் முனையை ஆயிலுக்குள் வைத்து, நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாக வடிய விடுங்கள். டப்பா காலியாகக் கூடாது, காலியானால் மறுபடி முதலிலிருந்துதான். பிறகு நிப்பிளை மூடிவிட்டு, பெடலை மிதி, நிப்பிளைத் திற, மூடு, காலை எடு என்று நிதானமாக. இன்னும் மெத்தென்று இருந்தால் நிப்பிளை மூடி, ஸ்லேவின் தள்ளுகம்பியைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மேலே டப்பாவில் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: எந்த ஆயில்?

பதில்: ஆயில் டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எனவே மூடி திறந்து கிடந்த பழைய பாட்டில் ஆயிலை ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிக்கான், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறிப்போய் விழுந்தால் சீல் எல்லாம் ஊதிப்போகும். அப்புறம் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் பார்த்தாக வேண்டும். பெயின்டில் சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.